தினமும் குடிப்பவர் ஒரே நாளில் குடியை நிறுத்தினால், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

அண்ணன் பத்து வருடமாகத் தினமும் குடிக்கிறார், நாளை முதல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார் என்கிறீர்கள். காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குகிறதா? கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் அடங்குகிறதா? ஆம் என்றால், மருத்துவரைப் பார்க்காமல் நாளைக்கே நிறுத்த வேண்டாம். இப்படிச் சொன்னாலே “குடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாயா?” என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். குடியை விட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மருந்தில்லாமல் திடீரென்று விட்டதாலேயே இறந்துபோனவர்கள் உண்டு.

மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை வருடக்கணக்கில் தன் பரபரப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது: அமைதிப்படுத்தும் காபா என்ற மூளை ரசாயனத்தின் வேலை குறைகிறது, தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தின் வேலை கூடுகிறது. மது நின்றதும் மந்தம் போய்விடும், பரபரப்பு மட்டும் அப்படியே இருக்கும். மன உறுதி இருந்தால் போதும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாகக் குடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டு நாள் தாண்டியதும் கண்டம் கழிந்தது என்று வீட்டார் அசந்துவிடுகிறார்கள். ஆனால் மோசமான கட்டம் 48 முதல் 96 மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். நாளும் இடமும் தெரியாமல் உளறுவார், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், காய்ச்சலடிக்கும், நாடி எகிறும். இதுதான் டெலிரியம் ட்ரெமன்ஸ். நடிக்கிறார் என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தாலும் அப்படித்தான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்திருந்தால், ஈரல் கெட்டிருந்தால், தூக்க மாத்திரைப் பழக்கமும் இருந்தால், நேராக மருத்துவமனையில் சேர்ப்பதுதான் சரி. ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அடுத்த தடவை இன்னும் கடுமையாகலாம். மற்றவர்களுக்கு மருத்துவர்கள் டயஸெபாம் அல்லது குளோர்டயஸெபாக்சைடு என்ற, மூளையை அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து, ஒரு வாரம்போலப் படிப்படியாகக் குறைப்பார்கள். மாத்திரை அண்ணன் கையில் இருக்கக் கூடாது. அதன் மேல் குடித்தால் மூச்சு நின்றுவிடலாம். தயமின் எனும் பி1 வைட்டமினும் கட்டாயம் வேண்டும். சோர்வாக இருக்கிறாரே என்று வெறும் குளூக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். தயமின் வறண்டு கிடக்கும் உடலில் குளூக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்: நடை தள்ளாடும், கண் அசைவு கோணும், நினைவு நிரந்தரமாகவே போகலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விளம்பரங்களைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. “அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்” என்று விற்கும் பொடியை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து அதில் இருந்தால், குடித்ததும் மது சிதைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உடலில் தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும், இதயமே நின்றும் போகலாம். அந்த மருந்தை மருத்துவர் கொடுப்பதானால், குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, அண்ணன் சம்மதத்தோடுதான் கொடுப்பார். மருந்தை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை அதன் வேகம் இருக்கும் என்பதையும் அண்ணனிடமே சொல்லிவிடுவார்.