'கார்ட்கேட்ஸ்' போலிப் பெயரா?

நண்பரே, பயப்படாதீங்க, நீங்க வாங்கின இசைத்தட்டு போலி இல்லை. 'கார்ட்ஸ்'னு தேடினா லேபிள்ல 'கார்ட்கேட்ஸ்'னு இருக்கேன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் ஒரே பாட்டுக் குழுதான், நியூயார்க் பிராங்க்ஸ் பகுதிப் பையன்கள். 1954ல அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமான 'கேட்' இவங்களைப் பதிவு செஞ்சது. பாடகி பாட்டி பேஜ் (Patti Page) பாடிப் பிரபலமான ஒரு பாட்டைத்தான் முன்பக்கம் போட்டாங்க. ஆனா பின்பக்கத்துல இருந்த இவங்க சொந்தப் பாட்டு 'ஷ்-பூம்'தான் பிச்சுக்கிட்டு ஓடிச்சு! அடுத்து வந்த பிரதிகள்ல முன்பக்கப் பாட்டையே மாத்திட்டாங்க. அதனால கேட் 104ங்கிற எண் போட்ட இந்தத் தட்டு கிடைச்சா மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்க: 'கிராஸ் ஓவர் தி பிரிட்ஜ்' இருந்தா முதல் அச்சு, 'லிட்டில் மெய்டன்' இருந்தா பிந்தினது.

பேர் மாறினதுக்குக் காரணம், 'கார்ட்ஸ்'ங்கிற பேர்ல ஏற்கெனவே இன்னொரு குழு இருந்தது. கார்ட்கேட்ஸ் ஆனாங்க, அப்புறம் 'ஷ்-பூம்ஸ்' ஆனாங்க, எதுவும் எடுபடலை. பாட்டு ஓடுற நேரத்துல பேரை மாத்தினா ரசிகன் கடையில எதைக் கேட்பான்?

இதுக்கு நடுவுல கனடாவின் வெள்ளைக்காரக் குழு க்ரூ கட்ஸ் அதே 'ஷ்-பூம்' பாட்டைப் பாடி பாட்டுப் பட்டியல்ல முதலிடத்துக்குப் போயிட்டாங்க. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. கார்ட்ஸ் பதிவுல நடுவுல வர்ற சாக்ஸபோன் சாம் டெய்லரோடது. அந்தத் துள்ளல் க்ரூ கட்ஸ் பதிவுல கிடையாது, என் காதுக்கு அவங்க பதிவு இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.