பொட்டாசியம் 5.8 என்று வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா?

உங்களுக்கு உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லை, ரிப்போர்ட்டில் மட்டும்தான் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இன்றே டாக்டரிடம் சொல்லி, திரும்ப ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பொதுவாக 3.5 முதல் 5 வரை நார்மல்.

அப்பாவுக்கு ஒருமுறை 6.2 வந்தது. இதயம் நின்றுவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜி நார்மல். புதிதாக எடுத்த ரத்தத்தில் 4.7. உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்குமாம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அது வெளியே கசிந்து அளவு கூடிவிடும். 6.2 வந்த அன்று காலையில் லேபில் அப்பாவுக்கு மூன்று இடத்தில் குத்தினார்கள், பட்டையை இறுக்கிக் கட்டி கையை மூடி மூடித் திறக்கச் சொன்னார்கள். 'ஹீமோலைஸ்டு', அதாவது சிவப்பணுக்கள் உடைந்த ரத்தம் என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். தம்பி மறுநாள் மத்தியானம் "எவ்வளவு வந்தது?" என்று மெசேஜ் மட்டும் போட்டான். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

'லேப் தப்பு என்று விட்டுவிடச் சொல்கிறாயா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அடுத்த வருஷம் 5.9 வந்தபோது அப்படி விட்டுவிடப் பார்த்தவளே நான்தான். திரும்ப எடுத்தும் அதே 5.9. இந்த முறை நிஜமாகவே பொட்டாசியத்தைக் கூட்டியவை இவைதான்: பிரஷருக்கு டெல்மிசார்டன், அதோடு மூட்டுவலிக்கு அப்பா தானாக வாங்கிப் போட்ட மாத்திரை, போதாததற்கு சோடியம் குறைந்தது என்று நான் வாங்கிவந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. கிட்னியும் கொஞ்சம் பலவீனமாக இருந்திருக்கிறது. வலி மாத்திரையையும் உப்பையும் நிறுத்திய பிறகு 4.8க்கு இறங்கியது.

நான் டாக்டர் இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். சீட்டு இல்லாமல் வாங்கிய மாத்திரை உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 6க்கு மேல் போனாலோ, கைகால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். கிட்னி பிரச்சினை ஏற்கெனவே இருந்தால் 5.8க்கே கிளம்பிவிடுங்கள்.