கரையில் நின்றால் திமிங்கலம் தெரியுமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கை, கடலோரச் சாலையில் காரில் போய், கரையில் நின்றபடியே திமிங்கலம் பார்த்த வீடியோவை அனுப்பினாள். அன்றிலிருந்து என் மகன் விடமாட்டேன் என்கிறான். கன்னியாகுமரியிலிருந்து கேரளத்து விழிஞ்ஞம் வரை நமக்கும்தான் கடல் இருக்கிறது. இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு பார்வை மேடை கட்டினால் என்ன?
– ஒரு வாசகர், பாறசாலை

பதில்: மேடை கட்டினால் மேடைதான் இருக்கும். திமிங்கலம் வராது.

உங்கள் தங்கை போனது கிரேட் ஓஷன் ரோடு பக்கமாக இருக்கலாம். அந்தப் பக்கத்தில் வார்னம்பூல் என்ற ஊரில், லோகன்ஸ் பீச்சில் பார்வை மேடை இருக்கிறது. அங்கே குளிர்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்கடல் ரைட் திமிங்கலங்கள் குட்டி போட வருகின்றன. குட்டிக்கு ஆழமில்லாத, அமைதியான தண்ணீர் வேண்டும். அதனால் தாய் கரையிலிருந்து நூறு மீட்டருக்குள்கூட வந்து, நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். திமிங்கலம் வந்ததால்தான் அங்கே மேடை வந்தது.

நம் கடலின் சங்கதி வேறு. இங்கேயும் திமிங்கலம் உண்டு. 2021இல் விழிஞ்ஞத்துக்கு அருகே கடலுக்கடியில் வைத்த ஒலிவாங்கியில் நீலத்திமிங்கலத்தின் குரல் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை இரை தேடி ஆழ்கடலோடு போகிறவை. முட்டம் கலங்கரை விளக்கத்தடிப் பாறையில் எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். அதிர்ஷ்டம் இருந்த நாளில் ஓங்கல் (டால்பின்) கூட்டம் முதுகைக் காட்டிப் போகும், அவ்வளவுதான். அதையே உங்கள் மகனுக்குக் காட்டுங்கள், குதிப்பான்.

நம் பக்கத்தில் திமிங்கலம் கரைக்கு வந்தால் அது நல்ல செய்தி இல்லை. 2016 ஜனவரியில் மணப்பாடு கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 1973 ஜனவரியிலும் அதே கரையில் 147 ஒதுங்கியிருந்தன. 2016இல் நான் போய்ப் பார்த்தேன். வெயிலில் கறுத்த தோல் காய்ந்து, தாள்போலச் சுருண்டு உரிந்துகொண்டிருந்தது. மீனவர்கள் வள்ளத்தில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டுவிட்டு வந்தார்கள்; விட்ட கொஞ்ச நேரத்தில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. பக்கத்தில் நின்ற சிலர் அதன்மேல் கால் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தக் காட்சியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இப்படி ஒன்றை எப்போதாவது நீங்கள் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஈரத்துணி போட்டு உடம்பை நனைத்து வையுங்கள். தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் மட்டும் தண்ணீரோ மணலோ போய்விடக் கூடாது.

சரி, மகனுக்கு என்ன சொல்வது? பயணத்தை விட வேண்டாம். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் என்று வந்து, ஆற்றுமுகத்துப் பாலம் தாண்டி இரயுமன்துறை வழியாகத் தூத்தூர், சின்னத்துறை, வல்லவிளை, நீரோடி வரை போங்கள். தமிழ்நாட்டின் கடைசி ஊர் நீரோடி. அப்புறம் பொழியூர், கேரளம். பூவாற்றில் நெய்யாறு குறுக்கே வருவதால், கொஞ்சம் உள்ளே சுற்றித்தான் விழிஞ்ஞம் போக வேண்டும்.

நான் சொல்ல வருவது அந்தத் தூத்தூர், வல்லவிளை ஊர்களைப் பற்றித்தான். சுறா பிடிக்கக் கொச்சியிலிருந்து புறப்பட்டு, லட்சத்தீவு தாண்டி வாரக்கணக்கில் கடலில் கிடக்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2017 ஒக்கி புயலில் இங்கே எத்தனையோ வீடுகள் ஆளை இழந்தன. திமிங்கலத்தை உயிரோடு, அதன் இடத்திலேயே பார்த்த கண்கள் இவர்களுடையவை. வல்லவிளையில் ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "ராத்திரி எஞ்சின அணைச்சிட்டுக் கிடப்போம். இருட்டுல பக்கத்துல ஒரு மூச்சு விடும் பாருங்க, வள்ளத்துல ஒருத்தரும் பேசமாட்டோம்."

உங்கள் மகன் கேட்க வேண்டிய கதை இது. மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், அண்ணன்மார் பலர் ஊரில் இருப்பார்கள். அப்போது கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த மாதங்களில் நீரோடிப் பக்கம் அலை சாலைமேலேயே ஏறும், காரைக் கரையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.