முகக்கவசம் இருக்கட்டும், அறை யாருக்கு?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் 72 வயது மாமியார், பணிப்பெண். கொவிட் நேரத்தில் வாங்கிய முகக்கவசங்களும் ஏஆர்டி (வீட்டிலேயே கொவிட் பார்க்கும்) கருவிகளும் ஸ்டோர் ரூமில் குவிந்து கிடக்கின்றன. தூக்கிப் போடச் சொல்கிறார் கணவர். அடுத்த கொள்ளைநோய் வந்தால் வேண்டாமா? இன்னும் என்னென்ன வாங்கி வைக்கலாம்?

பதில்: கணவர் சொல்வது பாதி சரி. ஏஆர்டி பெட்டியில் காலாவதித் தேதியைப் பாருங்கள்; தாண்டியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். முகக்கவசத்தின் காதுப் பட்டையை இழுத்துப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் இற்றுவிடும். நல்ல நிலையில் இரண்டு பெட்டி போதும். வீட்டில் யாருக்காவது இருமல் வந்தால் அதிலிருந்தே எடுங்கள், தீரத் தீர வாங்குங்கள்.

அடுத்து வருவதும் கொவிட் மாதிரியே இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2003இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று இங்கே 238 பேரைப் பிடித்தது. 33 பேர் இறந்தார்கள். அந்த நோயாளிகள் காய்ச்சல் வந்து, நோய் முற்றிய இரண்டாவது வாரத்தில்தான் அதிகமாகப் பரப்பினார்கள். அதனால் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் வெப்பமானியைக் கொடுத்ததும், காய்ச்சல்காரர்களைத் தேடித் தனிமைப்படுத்தியதும் பலன் தந்தன. கொவிட்டோ அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவியது. வாசலில் வெப்பம் பார்த்து அதைப் பிடிக்க முடியவில்லை. உடல்நலமாக இருப்பவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று 2020 பிப்ரவரியில் அதிகாரிகள் சொன்னார்கள். ஏப்ரல் நடுவில் வெளியே வந்தாலே கட்டாயம் என்றார்கள். பலர் இதைக் குளறுபடி என்று கிண்டல் செய்தார்கள். புதுக் கிருமியைப் பற்றித் தெரியத் தெரிய விதி மாறத்தான் செய்யும். அடுத்த முறையும் மாறும், அதற்கு மனதளவில் தயாராக இருங்கள்.

மாமியாரை மட்டும் மனதில் வைத்துத் திட்டமிடுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. 1918 இன்ஃபுளூவென்சா உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடுகிறார்கள். இங்கேயும் அந்த ஒரே ஆண்டில் இரண்டு அலைகளாக வந்தது. அதில் வழக்கத்துக்கு மாறாக 20 முதல் 40 வயதுக்காரர்கள் நிறையப் பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். நீங்களும் கணவரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் மாமியாருக்கு இன்சுலின் யார் போடுவது? பிள்ளைகளை யார் பார்ப்பது? கடையில் வாங்க முடியாத ஏற்பாடு இது. பக்கத்து புளோக்கில் இருக்கும் உறவினரோ நண்பரோ, ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். மாமியாரின் மருந்துப் பெயர், அளவு, போடும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பணிப்பெண்ணுக்குப் புரிகிற மொழியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

அப்புறம், அறை. நான்கறை வீட்டில் பெரிய படுக்கையறைக்குள்ளேயே கழிவறை இருப்பதால் நோயாளிக்கு அதுதான் சரியான இடம். யாருக்கு வந்தாலும் அவர் அங்கே போக வேண்டும். கதவு மூடி, சன்னல் திறந்து, சாப்பாடு வாசலில். அப்போது நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். காய்ச்சலோடு யாரும் இதையெல்லாம் விவாதிக்க விரும்பமாட்டார்கள்.

அரிசி மூட்டை அடுக்க வேண்டாம். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப் பரவல் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தி அறிவித்த அன்று பேரங்காடிகளில் அரிசி, மீ, டாய்லெட் பேப்பர் எல்லாம் காலியாயின. சில நாள்களில் அலமாரிகள் மீண்டும் நிறைந்தன. இரண்டு வாரச் சாமான் போதும். இன்சுலினும் சர்க்கரை பார்க்கும் பட்டைகளும் கைவசம் எப்போதும் இரண்டு மூன்று வாரத்துக்கு மிச்சம் இருக்கட்டும். தேவைக்கு மேல் குவித்தால் காலாவதியாகிவிடக்கூடும். மருந்தை வீட்டுக்கே அனுப்பும் சேவை பலதுறை மருந்தகங்களில் உண்டு. இப்போதே ஒருமுறை பயன்படுத்திப் பழகுங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாமியாருக்கு ஆண்டுதோறும் ஃபுளூ ஊசி, கூடவே நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி. அவர் சிங்கப்பூரராக இருந்து அரசின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் பதிந்திருந்தால், பதிந்த மருந்தகத்தில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. பணிப்பெண் மாமியார் அறையிலேயே படுக்கிறாரா? அப்படியானால் பணிப்பெண்ணுக்கும் உங்கள் செலவில் ஃபுளூ ஊசி போட்டுவிடுங்கள்.