காகிதச் செலவு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் ஏரிக்கரையில் இரவோடு இரவாகக் கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நாற்றம் தாங்கவில்லை. நாய்கள் பெருகிவிட்டன. போன மாதம் மீன்கள் செத்து மிதந்தன. பஞ்சாயத்தில் சொல்லிச் சலித்துவிட்டோம். இவர்களை ஜாமீனில் வெளிவர முடியாதபடி மூன்றாண்டு உள்ளே வைக்க மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கப்போகிறோம். முந்நூறு கையெழுத்து சேர்ந்துவிட்டது. கடுமையான சட்டங்கள் மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று தெரியும். ஆனால் ஒரு சட்டம் போட அரசுக்கு என்ன பெரிய செலவு? காகிதச் செலவுதானே? குண்டர் சட்டத்தில் இவர்களைச் சேர்க்கலாமா என்றும் சொல்லுங்கள். மனுவை இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

முந்நூறு கையெழுத்துக்கு எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன இடத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்கள். அந்த மனம் உங்களுக்கு என்றும் இருக்கட்டும்.

குண்டர் சட்டத்தை விடுங்கள். 1982இல் வந்த சட்டம் அது. பிறகு திருட்டு வீடியோ, மணல், இணையக் குற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அதன் முழுப்பெயர் இன்று ஒரு பத்தி நீளம். மருத்துவக் கழிவு கொட்டுபவர்களையும் 2025இல் சேர்த்தாகிவிட்டது. விசாரணையே இல்லாமல் ஓராண்டு அடைத்துவைக்கும் சட்டத்தில் இன்னும் ஆள் சேர்க்கச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

‘காகிதச் செலவுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் எனக்குக் கோபம் வந்தது. சில மாதங்களாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எழுத்தராக இருந்தேன். சாராயக் கேஸ்கள் மலைபோலக் குவிந்த காலம். லாரி ட்யூப்பில் ஐந்து லிட்டர், பிளாஸ்டிக் கேனில் பத்து லிட்டர் என்று தினமும் கட்டுகள் வரும். சரக்கைப் பறிமுதல் செய்ததற்கு எழுதும் மகஜர் எல்லாவற்றிலும் அதே இரண்டு சாட்சிகள். ரிமாண்டில் இருப்பவனைக் காவல் நீட்டிப்புக்குக் கொண்டுவந்தாக வேண்டும், அதனால் அந்தக் கட்டுகள்தான் முதலில் மேஜைக்குப் போகும். மதியம் இரண்டு மணிக்கும் அவையே ஓடிக்கொண்டிருக்கும்.

வராந்தாவின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். ஜீவனாம்ச மனு. புருஷன் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு பெண் குழந்தைகள். களையெடுப்பு வேலைக்குப் போகாமல் அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வருவார். மாலை நாலரைக்கு டவாலி பெயரைக் கூப்பிடுவார். நேரம் இல்லை, அடுத்த வாய்தா. தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் சீட்டை வாங்கிக்கொண்டே கேட்டார்: “இன்னைக்கும் சாராயக் கேசுதானா சார்?”

நான் பதில் சொல்லவில்லை. என்னவென்று சொல்ல?

நான்காம் வருடம் உத்தரவு ஆனது. மாதம் 500 ரூபாய். அன்றைய சட்டத்தில் அதுதான் உச்சவரம்பு, 2001இல்தான் அதை எடுத்தார்கள். அதற்குள் மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு மில் வேலைக்குப் போயிருந்தாள். அந்த நான்கு வருடத்தை எந்த அரசுக் கணக்கிலும் செலவு என்று எழுதியிருக்க மாட்டார்கள், கதிர். ஆனால் அது செலவு. யாரோ கொடுத்தார்கள். குற்றமே செய்யாத ஒருத்தி கொடுத்தாள்.

இதே கதையை ஒரு மாநிலம் முழுக்க விரித்துப் பார்த்தால் பீகார். 2016 மதுவிலக்குச் சட்டம். குடித்துவிட்டுப் பிடிபட்டாலே குறைந்தது ஐந்தாண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம். வீட்டில் பாட்டில் கிடைத்தால் அந்த வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்ற அனுமானம். ஊருக்கே சேர்த்து அபராதம் போடவும் வழி வைத்திருந்தார்கள். குடிகாரக் கணவர்களிடம் அடிபட்ட பெண்கள்தான் மதுவிலக்கைக் கேட்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை. உங்களைப் போலவே நியாயமான வலியிலிருந்து கேட்டார்கள். குடித்த குற்றத்துக்காக அந்தச் சட்டத்தில் முதன்முதலில் தண்டனை பெற்றது யார் தெரியுமா? ஜெகானாபாத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். முசஹர் என்ற தலித் சாதி, கூலி வேலை. 2017இல் ஆளுக்கு ஐந்தாண்டு.

2021 டிசம்பரில் விஜயவாடாவில் பேசிய அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, முன்யோசனை இல்லாமல் சட்டம் இயற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சட்டத்தைத்தான் காட்டினார். பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஒரு சாதாரண ஜாமீன் மனு முடியவே ஓராண்டு ஆகிறது என்றார். பதினான்கு பதினைந்து நீதிபதிகள் அங்கே ஜாமீன் மனுக்களையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அடுத்த மாதம் உச்ச நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. 2018இல் ஒருமுறை, 2022இல் ஒருமுறை சட்டத்தைத் தளர்த்தினார்கள். முதல்முறை குடித்தவன் இப்போது சில ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டுப் போகலாம். நடுவில் போன ஆறு வருடத்தில் நிலத் தகராறோடும் கொலை வழக்கோடும் அந்த நீதிமன்றத்தில் காத்திருந்தவர்களை யார் எண்ணினார்கள்?

எண்ண வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு நம் பக்கத்து ஊர்ப் பெயரில் இருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கு, 2005. வழக்கு என்னவோ சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தங்களைப் பற்றியது. அதில் நீதிபதி ஜெகந்நாத ராவ் குழு சொன்ன ஒரு யோசனையை உச்ச நீதிமன்றம் எடுத்துவைத்தது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ ஒரு மசோதா கொண்டுவந்தால், அதனால் எத்தனை சிவில் வழக்கு, எத்தனை கிரிமினல் வழக்கு புதிதாக வரும், அதற்கு எத்தனை கோர்ட், நீதிபதி, ஊழியர் வேண்டும், பணம் எவ்வளவு என்று மசோதாவின் செலவுக் குறிப்பிலேயே எழுத வேண்டும். இருபது வருடம் ஆகிவிட்டது. ஒரு பாலம் கட்ட எஸ்டிமேட் கேட்கிறோம். ஒரு புதிய குற்றத்தை உண்டாக்குவதற்கு ஏன் கேட்பதில்லை? நான் எங்கே போனாலும் இதைத்தான் பேசுகிறேன். கேட்பவர்கள் சலித்தாலும் பேசுவேன்.

உங்கள் சட்டம் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்கு மூட்டையோடு பிடிபடுவது கடை முதலாளியா? எக்ஸெல் வண்டி ஓட்டும் பையன்தான். மருத்துவச் சான்றுக்கு ஜி.எச்., பிறகு மாஜிஸ்திரேட் வீடு, பிறகு கிளைச்சிறை, கூடவே இரண்டு காவலர். வாய்தாவுக்கு வாய்தா வழிக்காவல். வக்கீல் வைக்க முடியாவிட்டால் அரசு செலவில் சட்ட உதவி வக்கீல். கழிவு மாதிரிக்கு ஆய்வகம், அதன் அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் கிடைக்க மாட்டார். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்கள். அவர்களோடு இவனும் ஒருவன். இத்தனையும் நடக்கும்போது அடுத்த மூட்டை ஏரிக்கு வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் கழிவைக் கொண்டுபோக வேறு இடம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஆயுள் தண்டனை, பத்து லட்சம் அபராதம் என்று சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. அந்த வீடுகளின் அழுகையைக் கேட்ட எவருக்கும் அதை எதிர்த்துப் பேச வாய் வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் மெத்தனால் எந்தக் கேனில், யார் கண்ணெதிரே ஊருக்குள் வந்தது என்பதற்கு அந்தத் திருத்தத்தில் பதில் இல்லை.

பொது நீர்நிலையைக் கெடுப்பது ஏற்கெனவே குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 279, ஆறு மாதம் வரை. உங்கள் ஸ்டேஷனில் அதில் ஒரு கேஸாவது போட்டிருக்கிறார்களா என்று கேட்டீர்களா? கேட்காமலே புதுச் சட்டம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கப் போய்விட்டீர்கள். இது அவசரம். படித்த பிள்ளை செய்யக்கூடாத அவசரம்.

மனுவைக் கேட்டீர்கள் இல்லையா. முதல் இரண்டு பத்தி நன்றாக இருக்கிறது, தொட வேண்டாம். மீன்கள் செத்து மிதந்த தேதியை மட்டும் சேருங்கள், படம் இருந்தால் இணையுங்கள். மூன்றாம் பத்தியை அடித்துவிட்டு, சுற்றுவட்டாரத்துக் கோழிக்கடைகள் எத்தனை, தினமும் எத்தனை கிலோ கழிவு, அதை எடுக்க ஒன்றியத்தில் வண்டி உண்டா என்று விசாரித்து எழுதுங்கள். அந்த வண்டி ஓட்டும் பையனிடமும் ஒருமுறை பேசிப்பாருங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்