அந்த வயர் மூட்டை

வணக்கம் சார்,

போன மாதம் வீட்டை ஒழுங்கு பண்ணியே தீருவது என்று இறங்கினேன். வீடியோ வீடியோவாகப் பார்த்து, அளவு அளவாய் பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி, பெயர் எழுதி ஒட்டினேன். இப்போது டப்பாக்களை வைக்க இடமில்லை. என் கணவர் எதையும் தூக்கிப்போட விடமாட்டார். அவர் வெளியூர் போயிருந்தபோது பரணில் கிடந்த பழைய வயர் மூட்டையைக் குப்பையில் போட்டுவிட்டேன். வந்து இரண்டாவது வாரம் சரியாக அதையே தேடினார். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குப்பையைக் குப்பை என்று நினைத்தது தப்பா?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நினைத்ததில் தப்பில்லை. கேட்காமல் போட்டதுதான் தப்பு. கடிதத்தில் அவர் மூட்டை வருகிறது, நீங்கள் வாங்கிய டப்பாக்கள் வருகின்றன. உங்கள் அலமாரியிலிருந்து எது வெளியே போனது என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? எல்லா வீட்டிலும் இப்படித்தான். நம்முடையது சாமான், அடுத்தவருடையது அடைசல்.

இதை ஒரு காபிக் கோப்பையை வைத்தே காட்டியிருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனை அது. மாணவர்களில் சிலருக்குக் கோப்பை கொடுத்து, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், வாங்குவதானால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் சொன்ன விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்த மவுசு என்றால், வருஷக்கணக்காய்ப் பரணில் இருந்த வயருக்கு?

அதனால் ‘வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘இருக்கட்டுமே’ என்றுதான் பதில் வரும். இது என்னிடம் இல்லாதிருந்தால் இன்று தேடிப்போய் வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். டப்பா வாங்குவதெல்லாம் கழித்தது போக மிஞ்சியதை அளந்த பிறகு.

ஆரம்பிக்க நல்ல இடம் மருந்துப் பெட்டி. காலாவதித் தேதி அட்டையிலேயே இருக்கிறது. யாரோடும் வாதாட வேண்டாம். அடுத்து பில்கள். கடையில் மெஷின் துப்பும் அந்த வழவழப்புத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான், நாளாக ஆக வெளிறிவிடும். வாரண்டிக்கென்று நான் நான்காய் மடித்துப் பத்திரப்படுத்திய பில்லை ஒருநாள் பிரித்தேன். வெள்ளைத் தாள்! இப்போது வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுகிறேன். புகைப்படங்களையும் பழைய கடிதங்களையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அதில் உட்கார்ந்தால் அன்றைய பொழுது அதோடு சரி.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். ‘கேட்காமல் போட்டிருக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘ஆனால்’ என்று இழுக்க வேண்டாம். அவரிடம் இன்னொரு மூட்டை இருக்கும், நிச்சயம். அதை அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். எந்தச் சாதனத்துக்கு என்று உடனே சொல்ல முடிகிற வயரில் பெயர்ச் சீட்டு கட்டட்டும். மற்றதெல்லாம் ஒரு பெட்டிக்குள், மேலே தேதி. ஆறு மாதம் யாரும் திறக்கவில்லையென்றால் அவர் கையாலேயே போகட்டும், ஆனால் மின்கழிவு வாங்குகிற இடத்துக்கு. நீங்கள் குப்பையில் போட்டதில் பழைய போன் பேட்டரி ஏதும் இல்லாதிருந்தால் சரி. லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

இவ்வளவு பேசுகிற என் மேஜை டிராயரில் ஏழு சாவிகள் கிடந்தன. ஒருநாள் வீட்டிலுள்ள பூட்டுகள் அத்தனையிலும் நுழைத்துப் பார்த்தேன், பழைய சூட்கேஸ் உட்பட. ஒன்றும் சேரவில்லை. ஆறைப் போட்டுவிட்டேன். ஏழாவது பித்தளை, வளையத்தில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். யார் சுற்றியது என்று தெரியவில்லை. தேடிப்போய் வாங்குவேனா? மாட்டேன். டிராயரில்தான் இருக்கிறது.