ஓநாய் பாட்டியை விழுங்கலாமா?

கேள்வி: ஆறு வயது மகளுக்காகச் ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’ கதையின் புதிய மறுகூறல் ஒன்றை வாங்கினேன். அதில் ஓநாய் பாட்டியை விழுங்காமல் அலமாரிக்குள் பூட்டி வைக்கிறது. கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிறது. ‘பயமுறுத்தாத கதை’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மறுகூறல் சிறுவர்களுக்கு ஏற்றதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? (வாசகி ஒருவர்)

பதில்: பயமுறுத்தாத கதை என்ற அந்த நற்சான்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். “பாட்டி, உன் காது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?” என்று தொடங்கி, கண், கை, வாய் என அந்தச் சிறுமி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும்போது, கட்டிலில் பாட்டி வேடத்தில் படுத்திருப்பது ஓநாய் என்பது அவளுக்குத் தெரியாது, கதை கேட்கும் குழந்தைக்குத் தெரியும். வாயைப் பற்றிய கேள்வி வருவதற்குள் குழந்தை போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்ளும். கதை முடிந்ததும் அதே இடத்தை மறுபடி படிக்கச் சொல்லும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் பயந்து பார்ப்பதற்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பைப் பறித்துவிட்டால், அந்தக் கதையில் எஞ்சுவது ஒரு தொப்பியும் ஒரு கூடையும்தான்.

1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட வடிவத்தில் ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு கதை முடிந்துவிடுகிறது. காப்பாற்ற யாரும் வருவதில்லை, இனிக்கப் பேசுபவர்களை நம்பாதே என்று இளம்பெண்களுக்கு ஓர் எச்சரிக்கைப் பாட்டு மட்டும் வருகிறது. 1812இல் ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட வடிவத்தில் வேட்டைக்காரர் கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றைத் திறக்க, சிறுமி வெளியே குதித்து, உள்ளே எவ்வளவு இருட்டாக இருந்தது என்று சொல்கிறாள். வயிற்றைக் கிழிக்கும் இந்த இரண்டாவது வடிவத்தையே ஆறு வயதுக்கு ஏற்றதாக நான் கருதுகிறேன். ஆபத்து முழுதாக வருகிறது, மீட்பும் முழுதாக வருகிறது. அலமாரியில் பூட்டப்பட்ட பாட்டி பெரிய ஆபத்திலும் இல்லை, ஆகவே அவள் மீண்டதில் பெரிய மகிழ்ச்சியும் இல்லை. ஓநாயின் மன்னிப்போ பெரியவர்களின் நிம்மதிக்காகச் சேர்க்கப்பட்டது.

பெரியவர்களின் நிம்மதி என்பது பழைய கதை. கோபுரத்தில் அடைக்கப்பட்ட ராபுன்செல் தன் ஆடை ஏன் இறுகிப்போகிறது என்று வெகுளியாகக் கேட்டுக் கருவுற்றிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் இடம் கிரிம் சகோதரர்களின் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்தது. குழந்தைகளுக்கு ஆகாது என்று எதிர்ப்பு வந்ததும் பின்னர் நீக்கப்பட்டது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிந்தவள் அதே பதிப்பில் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். அதே 1819இல்தான், சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் முடிவும் சேர்ந்தது. தாயின் புனிதத்துக்குக் காவல் போட்டவர்களுக்குக் கண்ணைப் பிடுங்கும் பழிவாங்கல் உறுத்தவில்லை.

என் கவலை அந்த மாற்றாந்தாயைப் பற்றியது. மாற்றாந்தாயோடு உண்மையிலேயே வாழும் குழந்தை அந்தக் கதையை எப்படிக் கேட்கும் என்று யோசிக்காமல், ஓநாயின் பல்லை மட்டும் மழுக்கிவிட்டு ‘வயதுக்கேற்றது’ என்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்டவர்களை எல்லாம் கூன் விழுந்தவர்களாகவும் கறுத்தவர்களாகவும் வரைந்து வைப்பதும் இதைப் போன்ற கேடுதான். அதை எந்த அட்டையும் எச்சரிப்பதில்லை. படங்களைத் தனியாகவும் புரட்டிப் பாருங்கள். ஸ்னோ ஒயிட் கதையின் முடிவில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு அந்தக் கெட்ட அரசி ஆடி மடிந்தாள் என்று ஒரு வரியில் படித்தால் குழந்தை தனக்குத் தாங்கும் அளவுக்கே அதைக் கற்பனை செய்துகொள்ளும். கருகும் பாதத்தை முழுப்பக்கத்துக்கு வரைந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

உங்கள் கையிலுள்ள நூலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். காது, கண், கை, வாய் என்னும் நான்கு கேள்விகளும் குறையாமல் இருந்து, வாக்கியங்கள் நாக்கில் தடுக்காமல் ஓடினால், அலமாரியைப் பொறுத்துக்கொண்டு மகளிடம் கொடுக்கலாம். கத்தரிக்கோல் வடிவத்தை இன்னோர் இரவில் நீங்களே வாய்மொழியாகச் சொல்லுங்கள். அவள் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள், ஓநாயின் வயிற்றில் கல்லை நிரப்பும் இடம்வரை கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.